ஆங்கில இலக்கியம் படிக்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

உயர்தரத்துக்குப் பின் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தைத் தெரிவு செய்யலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்ததற்கு, 'வாசிப்பில் விருப்பமிருந்தால் தாராளமாகச் செய்யலாம்' என்று கடந்த இதழில் நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரி போதாது என்பதை இம்முறை வந்து சேர்ந்த கடிதங்கள் எனக்கு உணர்த்திவிட்டன. ஆகையால் இந்தப் பகுதி முழுவதையும் அந்த ஒரே விடயத்துக்கு ஒதுக்குகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால், எல்லோருக்கும் பொதுவாக ஊர்ப் பெயரை மட்டும் இடுகிறேன்.

பாலையூற்றிலிருந்து உயர்தர மாணவி ஒருவர்: தமிழ், ஆங்கிலம், புவியியல் ஆகிய பாடங்களைப் படிக்கிறேன். ஆங்கிலத்தில் நல்ல புள்ளிகள் எடுக்கிறேன். ஆனால் நாலு பேர் முன்னால் ஆங்கிலத்தில் பேச வராது. 'பேசத் தெரியாதவள் அதைப் படித்து என்ன செய்வாள்' என்று வீட்டில் கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் உண்மையில் என்னதான் படிப்பிப்பார்கள்? ரியூசன் குறிப்புகளை வைத்துச் சமாளிக்க முடியுமா?

மகள், ஆங்கிலம் பேசுவதும் ஆங்கில இலக்கியம் கற்பதும் வேறு வேறு பயிற்சிகள். நாவு திருந்தப் பேச்சுத் துணை வேண்டும். கண் திருந்தப் புத்தகமும் நேரமும் வேண்டும். இலக்கிய மாணவிக்கு முதலில் வேண்டியது இரண்டாவதுதான். முதலாவது, நான்கு வருடம் விடுதியிலும் வகுப்பிலும் புழங்கும்போது, கூச்சம் குறையக் குறையத் தானாக வந்து சேரும்.

கூச்சம் என்று எழுதியதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தென்னிலங்கைப் பல்கலைக்கழக மாணவர்களின் பேச்சில் ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்றொரு பட்டப்பெயர் உண்டு. சிங்களத்தில் அதற்கு வாள் என்று பொருள். அந்த மொழி தெரிந்தவன் தெரியாதவனை வெட்டி வீழ்த்துகிறான் என்ற மனக்காயத்திலிருந்து பிறந்த சொல் அது. நானும் அந்த வெட்டை வாங்கியவன்தான். முதலாமாண்டின் முதல் மாதத்தில், நான் வாசித்த ஒரு கவிதை அடியை விரிவுரையாளர் இடைநிறுத்தி, என் உச்சரிப்பை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டினார். வகுப்புச் சிரித்தது. அந்த வருடம் முழுவதும் நான் வாய் திறக்கவில்லை. அவர் செய்தது பிழை. வாயை மூடிக்கொண்டு ஒரு வருடத்தை இழந்தது என்னுடைய பிழை. நீங்கள் அந்த இரண்டாவது பிழையைச் செய்யாதீர்கள்.

இனி, என்ன படிப்பிப்பார்கள் என்ற கேள்வி. பாடத்திட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்றாலும் பொதுவாகச் சோசரில் அல்லது ஷேக்ஸ்பியரில் தொடங்கி, கவிதை, நாடகம், நாவல் என்று நூற்றாண்டு நூற்றாண்டாக வந்து, ஆபிரிக்க, கரீபிய, தெற்காசிய எழுத்துகளையும் இலங்கையரின் ஆங்கில எழுத்தையும் தொட்டு, விமர்சனக் கோட்பாடுகளும் ஓரளவு மொழியியலும் சேர்த்துக் கற்பிப்பார்கள். பேராதனை, கொழும்பு, களனி முதலான இடங்களில் ஆங்கிலத்துக்கெனத் தனித் துறைகள் உள்ளன. யாழ்ப்பாணத்தில் மொழியியலோடு சேர்ந்த துறை இருக்கிறது. நம் கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் மொழிகளும் தொடர்பாடலும் சார்ந்த துறை இயங்குகிறது. பொதுப் பட்டம் மூன்று வருடம், சிறப்புப் பட்டம் நான்கு வருடம். எங்கே எந்தத் தகைமை கேட்கிறார்கள் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் அனுமதிக் கைநூலில் பாருங்கள். ரியூட்டரி வாசலில் கேட்டதை நம்பி விண்ணப்பத்தை நிரப்ப வேண்டாம்.

ஆனால் பாடத்திட்டம் வெறும் பட்டியல். வகுப்பில் நடப்பது என்ன என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன். ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வேர்த் 1800இல் வெளியிட்ட எட்டே அடிக் கவிதை ஒன்று இருக்கிறது. 'ஓர் உறக்கம் என் ஆவியை முத்திரையிட்டது' என்று தொடங்கும். முதல் நான்கு அடிகளில் ஒருவன் சொல்கிறான்: எனக்கு மனித அச்சங்கள் எவையும் இருக்கவில்லை, உலகத்தின் ஆண்டுகள் தீண்ட முடியாத ஒரு பொருளைப் போல அவள் தோன்றினாள். அடுத்த நான்கு அடிகளில்: இப்போது அவளிடம் அசைவில்லை, வலுவில்லை, கேட்பதுமில்லை, காண்பதுமில்லை, பாறைகளோடும் கற்களோடும் மரங்களோடும் பூமியின் நாளாந்தச் சுழற்சியில் அவளும் உருண்டுகொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் கவிதை.

குறிப்புக் கொப்பியில் இதற்கு 'மையக்கருத்து: மரணத்தின் துயரம்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் பிழையில்லை, பயனும் இல்லை. இப்போது கவிதையைத் திரும்பப் பாருங்கள். முதற்பாதி இறந்தகாலத்தில் இருக்கிறது, பிற்பாதி நிகழ்காலத்தில் இருக்கிறது. அவள் இறந்தாள் என்று கவிஞர் எங்குமே சொல்லவில்லை. இரண்டு பாதிகளுக்கும் நடுவே விடப்பட்ட வெற்றிடத்தில் அந்த மரணம் நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. முதற்பாதியில் அவளைப் 'பொருள்' என்றது அவனுடைய மயக்கம். பிற்பாதியில் அவள் மெய்யாகவே கல்லோடு கல்லாய் ஒரு பொருளாகிவிட்டாள். ஆண்டுகள் இனி அவளைத் தீண்டப் போவதில்லை என்பதும் உண்மையாகிவிட்டது. அவன் விரும்பியது விரும்பாத வழியில் பலித்திருக்கிறது. மற்ற எல்லாச் சொற்களும் குழந்தைக்கும் விளங்கும் சிறு சொற்களாக இருக்க, 'நாளாந்த' என்பதற்கு மட்டும் 'டையேர்னல்' என்ற, இலத்தீனிலிருந்து வந்த, வானியல் நூலில் இருக்க வேண்டிய ஒரு கனத்த சொல்லை அவர் இட்டிருக்கிறார். ஏன் அங்கே அந்தச் சொல்? அதற்கு நீங்களே ஒரு பதிலைத் தேடி, கவிதையைச் சாட்சியாக வைத்து இரண்டு பக்கம் எழுத வேண்டும். நான்கு வருடப் படிப்பின் சாரம் இதுதான். இதற்குக் குறிப்பு உதவாது. பேச்சுத் திறமையும் அவ்வளவாக உதவாது. எட்டு அடியுடன் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்கும் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வீட்டாரிடம் என் பதிலைக் காட்டுங்கள்.

அன்புவழிபுரத்திலிருந்து ஒரு தந்தையார்: என் மகளும் இதே படிப்பைத்தான் கேட்கிறாள். நான் ஓர் ஓய்வுபெற்ற லிகிதர். இவளுக்குப் பின் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். கதை, கவிதை படித்து வேலை கிடைக்குமா?

ஐயா, தங்கள் கவலையை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். பட்டம் பெற்ற பின்னும் நியமனத்துக்காகப் பதாகையோடு நம் நகர வீதியோரத்தில் அமர்ந்திருந்த கலைப் பட்டதாரிகளைத் தாங்களும் கண்டிருப்பீர்கள். இந்தப் பட்டம் கையில் வந்த மறுநாள் வேலை கொடுக்கும் பட்டமன்று என்பதை மகளும் அறிந்திருக்க வேண்டும்.

அதே வேளை, கலைப் பிரிவுப் பாடங்களுக்குள் ஆங்கிலத்துக்கு ஒரு தனி வசதி உண்டு. கிராமப்புறப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் வெற்றிடம் நெடுங்காலக் குறையாக இருந்துவருகிறது. நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளர், திணைக்களங்களில் மொழிபெயர்ப்பாளர், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், அரச சார்பற்ற நிறுவனங்களில் அறிக்கை எழுதுபவர், செய்தித்துறை, வங்கி, சுற்றுலாத்துறை என்று எங்கும், பிழையில்லாமல் எழுதவும் எழுதியதைத் திருத்தவும் தெரிந்தவரைத் தேடுகிறார்கள். அந்த இடங்களில் உதவப்போவது ஷேக்ஸ்பியரைப் பற்றிய அறிவன்று. ஒரு பந்தியை நூறு முறை உற்று நோக்கிய பழக்கம். மகள் தமிழையும் கைவிடாமல், நம் மாவட்டத்தில் காதில் தினமும் விழும் சிங்களத்தையும் எழுத்தளவில் கற்றுக்கொண்டால், மூன்று மொழியிலும் எழுதத் தெரிந்தவராவார். அப்படிப்பட்டவர் வேலையின்றி வீட்டிலிருந்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். பட்டப்படிப்பு நடக்கும்போதே மொழிபெயர்ப்பில் ஒரு டிப்ளோமாவையும் முடித்துவிடச் சொல்லுங்கள்.

நிலாவெளியிலிருந்து ஓர் இளைஞர்: வெள்ளைக்காரன் நம்மைக் கிளாக்கர்களாக்கக் கொண்டுவந்த பாடத்தை இன்னும் ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறோம்?

தம்பி, வரலாறு உங்கள் பக்கம் ஓரளவு நிற்கிறது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியத்தைத் தனியொரு பட்டப் பாடமாக ஏற்றுக்கொண்டது 1894இல்தான். கேம்பிரிட்ஜ் அதற்கும் பின்னர். ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே இந்தியக் கல்லூரி மாணவர்கள் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் பரீட்சைக்காக மனனம் செய்துகொண்டிருந்தார்கள். தன் பிள்ளைகளுக்கு வேண்டாத பாடத்தை ஆட்சிக்குட்பட்டவரின் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்தார்கள் என்றால் அதற்குள் நோக்கம் இருக்கத்தான் செய்தது.

ஆனால் கொடுத்தவரின் நோக்கமும் வாங்கியவரின் செயலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நைஜீரியாவின் இபடானில் மாணவராக இருந்த சினுவா ஆச்சிபிக்கு, அயர்லாந்தில் பிறந்த ஜொய்ஸ் கேரி ஆபிரிக்கரைப் பற்றி எழுதிய நாவல் ஒன்று பாடமாக வந்தது. 'இது நாங்கள் இல்லை' என்ற எரிச்சல் அவருக்குள் ஏறியது. அந்த எரிச்சல்தான் 1958இல் அவருடைய முதல் நாவல் உருவாகக் காரணங்களில் ஒன்றாயிற்று. அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் திருகோணமலையைச் சேர்ந்த இன்னாசித்தம்பி 1891இல் வெளியிட்ட 'ஊசோன் பாலந்தை கதை' ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிய ஓர்சன் – வலன்ரைன் என்ற இரட்டையரின் கதையைத் தழுவியது. ஓர்சன் ஊசோனாகவும் வலன்ரைன் பாலந்தையாகவும் மாறியிருக்கும் அழகை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கடலால் வந்த சரக்கை நம் துறைமுகத்தார் எப்படித் தம் நாவுக்கேற்ப இறக்கி வைத்தார்கள் என்று தெரியும். நான்கு வருடம் கழித்து, 1895இல், இதே ஊரவரான தி. த. சரவணமுத்துப்பிள்ளை 'மோகனாங்கி'யை வெளியிட்டார். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பலரும் அதைச் சொல்வார்கள். மேற்கில் தோன்றிய வடிவத்தை எடுத்து, நாயக்கர் காலத்துத் தமிழ்நாட்டைப் பற்றித் தமிழில் எழுதினார். நாவல் என்ற அந்த வடிவத்தை அவர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. கையில் எடுத்து வேலை வாங்கினார்.

உவர்மலையிலிருந்து ஒரு வாசகி: ஜேன் ஒஸ்ரின் என்ற ஆங்கில நாவலாசிரியையின் தம்பி நம் ஊரில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மைதான். சார்ள்ஸ் ஒஸ்ரின் அரச கடற்படையில் றியர் அட்மிரலாக உயர்ந்து, கிழக்கிந்தியக் கடற்பகுதியின் தளபதியாக இருந்தபோது, 1852ஆம் ஆண்டு ஒக்ரோபரில் பர்மாவில் வாந்திபேதியால் இறந்தார். அவருடைய கல்லறை நம் நகரின் பழைய ஆங்கிலேயர் மயானத்தில் இருக்கிறது. தமக்கை அதற்கு 35 வருடங்களுக்கு முன்பே, 1817இல், காலமாகிவிட்டார். ஜேனின் நாவல்களைப் பாடமாகப் படித்துவிட்டு அந்த வீதியால் தினமும் சைக்கிளில் போன எனக்கே, அந்தக் கல்லறையைப் பற்றி நெடுங்காலம் தெரியாமலிருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் உண்மையா என்று மட்டும் கேட்டீர்கள். ஆனால் இந்தத் தம்பியைப் பற்றிய ஒரு செய்தி, இலக்கியமும் எழுத்தும் கற்பவர்களுக்கு மிகவும் உதவும் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். சார்ள்ஸ் இளம் அதிகாரியாக இருந்தபோது, பிடிபட்ட எதிரிக் கப்பலொன்றில் தமக்குக் கிடைத்த பங்குப் பணத்தில், 1801இல் தம் சகோதரிகள் இருவருக்கும் புஷ்பராகக் கல் பதித்த சிலுவைகளையும் தங்கச் சங்கிலிகளையும் வாங்கினார். இப்படிச் செலவழித்ததற்காக அவனை நன்றாக ஏச வேண்டும் என்று ஜேன் செல்லமாகக் கடிதம் எழுதினார்.

பதின்மூன்று வருடங்கள் கழித்து, 1814இல் வெளிவந்த 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில், கடற்படையிலிருக்கும் வில்லியம் தன் சகோதரி ஃபனிக்குச் சிசிலித் தீவிலிருந்து ஓர் அம்பர்ச் சிலுவை கொண்டுவந்து கொடுக்கிறான். ஆனால் சங்கிலி வாங்க அவனிடம் பணமில்லை. வாழ்க்கையில் இருந்த சங்கிலியை ஒஸ்ரின் நாவலில் எடுத்துவிட்டார். எடுத்த இடத்தில் கதை உட்கார்ந்துகொள்கிறது. விருந்துக்குச் சிலுவையை எதில் கோத்து அணிவது என்று ஃபனி தவிக்கிறாள். அவள் விரும்பாத ஒருவனிடமிருந்து, அவனுடைய சகோதரியின் கைவழியாக, ஒரு மாலை வந்து சேர்கிறது. அவள் உள்ளூர விரும்பும் எட்மண்டும் ஒரு சாதாரணச் சங்கிலியைக் கொண்டுவந்து தருகிறான். கடைசியில் பார்த்தால், முதலில் வந்த மாலை பருமனானது. சிலுவையின் வளையத்துக்குள் நுழையவே நுழையாது. எட்மண்டின் சங்கிலி நுழைகிறது. அவள் மனம் யார் பக்கம் என்பதை ஒரு வளையத்தின் அளவை வைத்தே காட்டிவிடுகிறார்.

சொந்த வாழ்க்கையை அப்படியே எழுதினால் கதையாகிவிடும் என்று நம்புகிற இளம் எழுத்தாளர்கள் எனக்கு நிறையக் கடிதம் எழுதுகிறார்கள். அவர்கள் ஒரு மாலையில் அந்தக் கல்லறைப் பக்கம் போய், தாங்கள் எழுதிய கதையிலிருந்து எந்தச் சங்கிலியை எடுக்கலாம் என்று யோசித்துவிட்டு வரலாம்.

மூதூரிலிருந்து ஓர் எழுத்தாளர்: தமிழில் சிறுகதைகள் எழுதிவருகிறேன், சில பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. வெளிநாடுகளில் படைப்பெழுத்துக்கென்றே பட்டம் கொடுக்கிறார்களாமே? எழுத்தைக் கற்பிக்க முடியுமா? நான் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்க வேண்டுமா?

மூன்று கேள்விகளில் நடுவிலுள்ளதற்கு முதலில் பதில் சொல்கிறேன். கற்பனையைக் கற்பிக்க முடியாது. எழுதியதைத் திரும்பப் பார்க்கக் கற்பிக்கலாம். படைப்பெழுத்து வகுப்பு பெரும்பாலும் பட்டறை முறையில் நடக்கும். ஒருவர் தம் கதையின் பிரதியை முற்கூட்டியே எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும். அடுத்த வகுப்பில் மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. 'நான் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை' என்று குறுக்கிட அனுமதியில்லை, ஏனென்றால் அச்சில் வந்த பிறகு ஒவ்வொரு வாசகர் வீட்டுக்கும் போய் அப்படி விளக்கம் சொல்ல முடியாது. நம் இலக்கியக் கூட்டங்களில் நூலாசிரியரின் ஏற்புரை நூல் ஆய்வுரையைவிட நீண்டுபோவதைக் கேட்டுச் சலித்திருக்கும் எனக்கு, இந்த ஒரு விதியே அந்தப் படிப்பின் பாதிப் பயன் என்று தோன்றுவதுண்டு.

அமெரிக்காவில் அயோவாப் பல்கலைக்கழகம் 1936இல் இத்தகைய பட்டறையைத் தொடங்கியது. இங்கிலாந்தில் ஈஸ்ட் அங்கிலியாப் பல்கலைக்கழகம் 1970இல் முதுமாணிப் படிப்பை ஆரம்பித்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கசுவோ இஷிகுரோ அங்கே படித்தவர். நம்மவர்களில் ஷியாம் செல்வதுரை ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்தும் நாடகமும் கற்றார். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் போர்க்கால வாழ்வை எழுதி 2024இல் பெண் எழுத்தாளர்களுக்கான பிரித்தானியப் பரிசைப் பெற்ற வி. வி. கணேசானந்தன் அயோவாவில் பயின்றவர். ஆனால் 2021இல் புக்கர் என்ற ஆங்கில நாவல் பரிசின் குறும்பட்டியலுக்கு வந்த அனுக் அருட்பிரகாசம் படித்தது மெய்யியல். அவருடைய அந்த நாவலுக்குள், மனத்திலேயே கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் கதை வருகிறது. பெரியபுராணத்தை அவர் எந்தப் பட்டறையிலும் கற்றிருக்க மாட்டார். ஆகவே இந்தப் பட்டம் எழுத்தாளருக்குரிய அனுமதிச் சீட்டு அன்று. நேரமும் நல்ல வாசகர்களும் ஒருங்கே கிடைக்கும் ஓர் இடம், அவ்வளவே. செலவையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் பொதுவாக ஒரு வருடப் படிப்பு, கட்டணம் கையைக் கடிக்கும். அமெரிக்காவில் இரண்டு மூன்று வருடம் எடுக்கும். ஆனால் அங்கே கற்பித்தல் உதவியாளராக வேலை தந்து கட்டணத்தை விலக்கும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு. விண்ணப்பத்தில் அவர்கள் முதலில் பார்ப்பது நீங்கள் எழுதிய இருபது முப்பது பக்கங்களைத்தான்.

இனி, ஆங்கிலத்தில் எழுத வேண்டுமா என்ற கேள்வி. வேண்டியதில்லை. நீங்கள் வ. அ. இராசரத்தினம் பிறந்த மண்ணில் இருக்கிறீர்கள். 'தோணி'யை எழுதிய அவர் மூதூரின் கடற்கரை வாழ்வைத் தமிழில் எழுதியே நிலைத்தார். ஆனால் ஒரு பயிற்சியாக அந்தக் கதையின் ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பாருங்கள். எந்த வாக்கியம் தடையின்றிப் போகிறது, எந்தச் சொல் வர மறுத்து அடம்பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வர மறுக்கும் சொற்களின் பக்கத்தில்தான் உங்கள் மொழியின் உயிர் இருக்கும். தமிழ் எழுத்தாளர் ஒருவர் ஆங்கில இலக்கியம் படிப்பதால் அடையக்கூடிய பெரிய இலாபம் இதுவென்றே நான் கருதுகிறேன்.

தம்பலகாமத்திலிருந்து ஓர் அரச ஊழியர்: எனக்கு வயது 36. இனிமேல் படிக்கலாமா?

படிக்கலாம். திறந்த பல்கலைக்கழகம் வேலை செய்வோரை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டது. ஆங்கிலத்திலும் ஆங்கிலம் கற்பித்தலிலும் அங்கே பட்டப்படிப்பு உண்டு. வயல் வேலையும் அலுவலகமும் உள்ளவருக்கு ஒரே எச்சரிக்கை: நீண்ட நாவல்களைப் பரீட்சைக்கு முந்திய வாரத்துக்கு ஒத்திவைக்காதீர்கள். போகம் முடிந்த ஓய்வு நாட்களில் படித்துவிடுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஆசிரியை ஒருவர்: ஆங்கிலத்தில் நான் எழுதிய சிறுகதை ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். பாலம் வருவதற்கு முன் துறையடியில் நாங்கள் ஆற்றைக் கடந்த நாட்களைப் பற்றியது. இதைக் கிரேஷியன் பரிசுக்கு அனுப்பலாமா?

சகோதரி, இலங்கையில் பிறந்த கனடிய எழுத்தாளர் மைக்கல் ஒண்டாச்சி 1992இல் புக்கர் பரிசாகக் கிடைத்த பணத்தைக் கொண்டு ஏற்படுத்திய அந்தப் பரிசு, இலங்கையில் வசிப்போரின் நூலளவான ஆங்கில எழுத்துக்கு உரியது. அச்சாகாத கையெழுத்துப் பிரதிகளையும் ஏற்கிறார்கள் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு ஆறுதல். ஆனால் ஒரு கதை போதாது. இன்னும் எட்டோ பத்தோ எழுதுங்கள்.

இந்தக் கதையைப் பற்றி: நன்றாக வந்திருக்கிறது, ஓர் இடம் தவிர. நம் பகுதியில் அந்த மிதவையைப் 'பாதை' என்றுதான் சொல்வோம். பாதை வந்துவிட்டது, பாதை போய்விட்டது, பாதையைத் தவறவிட்டுவிட்டேன். வழிக்கும் வழியைக் கடக்கும் கலத்துக்கும் ஒரே பெயர். நீங்கள் கதை முழுவதும் ஆங்கிலத்துக்குரிய 'ஃபெரி' என்ற சொல்லை இட்டுவிட்டு, ஒரே ஓர் இடத்தில் 'பாதை' என்று சாய்வெழுத்தில் போட்டு, பக்கத்திலேயே அதன் பொருளை விளக்கியிருக்கிறீர்கள். வெளியூர் விருந்தாளிக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவது போல அந்த வரி நிற்கிறது. அதைச் சொல்பவள் ஒன்பது வயதுச் சிறுமி. அவள் யாருக்கும் அகராதி வாசிக்க மாட்டாள். விளக்கத்தை எடுத்துவிடுங்கள். வாப்பாவின் சைக்கிளைப் பிடித்தபடி கரையில் நிற்கும் அந்தச் சிறுமி, 'வழி இன்னும் அக்கரையில்தான் நிற்கிறது' என்று ஆங்கிலத்தில் சொல்லட்டும். வாசிப்பவர் ஒரு கணம் திகைப்பார். அடுத்த வாக்கியத்தில் அந்த வழி தண்ணீரில் மிதந்து வருவதைக் காண்பார்.

இன்னொன்று. மூன்றாம் பக்கத்தில், பாதை கரையை விட்டு நகரும் நேரத்தில், ஓடி வரும் கிழவரைப் பார்த்து ஓட்டுபவர் 'ஏதோ கத்தினார்' என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன கத்தினார்? அதை எழுதி, கதையைத் திரும்ப அனுப்பி வையுங்கள்.